மலிவான லித்தியம் பேட்டரி வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

வீட்டுக்கோ கேரவனுக்கோ பேட்டரி தேடினால் முதலில் கண்ணில் படுவது விலையும் '100 ஏ.ஹெச்' (ஆம்பியர்-ஹவர்) என்ற எண்ணும்தான். அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, அதை வோல்ட்டால் பெருக்கினால்தான் உள்ளே எவ்வளவு மின்சாரம் நிற்கும் என்று தெரியும். 12.8 வோல்ட் (12 வோல்ட் லித்தியம் பேட்டரி என்பது இதுதான்), 100 ஏ.ஹெச் என்றால் 1280 வாட்-ஹவர், அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் யூனிட். விலையை இந்த யூனிட்டால் வகுத்து ஒப்பிடுங்கள். பழைய லெட் ஆசிட் பேட்டரியோடு ஒப்பிடுவதாக இருந்தால் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அதை அடிக்கடி பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும், லித்தியத்தில் 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம்.

வகை விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். எல்.எஃப்.பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்குங்கள். இன்னொரு லித்தியம் வகையான என்.எம்.சி (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) எடை குறைவு, சரி, ஆனால் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் அதில் அதிகம், ஆயுளும் பொதுவாகக் குறைவு. படுக்கைக்கு அடியில் வைக்கப்போகும் பொருளுக்கு அது எதற்கு?

விலையைக் குறைக்க எங்கே கை வைக்கிறார்கள் என்றால் பெரும்பாலும் பி.எம்.எஸ்ஸில்தான் (பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்). செல்களைக் காவல் காக்கும் அந்தச் சின்ன போர்டு எத்தனை ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும் என்று கேளுங்கள், சில நொடிகளுக்கான உச்ச அளவைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், அது நமக்குத் தேவையில்லை. 12 வோல்ட்டில் 1000 வாட் இன்வெர்ட்டரை முழு லோடில் ஓட்டினால் 90 ஆம்பியர் பக்கம் இழுக்கும், 50 ஆம்பியர் பி.எம்.எஸ் அங்கே கெட்டில் போட்டதும் கட் ஆகிவிடும். அடுத்தது குளிர். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். பனிப் பிரதேசத்தில் கேரவன் ஓட்டுகிறவர்கள், குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. 'வெப்பநிலைப் பாதுகாப்பு உண்டு' என்று மொட்டையாக எழுதியிருந்தால் நம்பாதீர்கள், எத்தனை டிகிரியில் நிறுத்தும் என்று எண் வேண்டும்.

எடையையும் பாருங்கள், பொய்யைப் பிடிக்க இது சுலபமான வழி. 12 வோல்ட், 100 ஏ.ஹெச் எல்.எஃப்.பி பேட்டரி சாதாரணமாக 10 முதல் 12 கிலோ இருக்கும். 6 கிலோ என்று போட்டிருந்தால் உள்ளே 100 ஏ.ஹெச் இருக்க வாய்ப்பே இல்லை.

2000, 3000 வாட் என்று போகிறவர்கள் 12 வோல்ட்டை விட்டுவிட்டு 51.2 வோல்ட் பேட்டரியாகப் பாருங்கள், ஆம்பியர் கால் பங்காகக் குறையும், ஒயரும் மெல்லியதாகப் போதும். நான்கு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்தும் செய்யலாம், ஆனால் அதற்கு பி.எம்.எஸ் அனுமதிக்க வேண்டும், எல்லாவற்றையும் முதலில் தனித்தனியாக முழுக்க சார்ஜ் செய்துகொள்ளவும் வேண்டும்.

அப்புறம் பேட்டரிக்கு வெளியே ஆகும் செலவு. பழைய லெட் ஆசிட் சார்ஜரில் ஈக்வலைஸ் மோடு இருந்தால் அணைத்து வையுங்கள், அது 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும், 12 வோல்ட் எல்.எஃப்.பிக்கு 14.6தான் எல்லை. கேரவனில் ஆல்டர்னேட்டரிலிருந்து (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிப்பது) நேராக ஒயர் இழுத்தால் ஆல்டர்னேட்டர் சூடேறிப் போகலாம், நடுவில் கரண்டை அளவாக விடும் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும், இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

பேட்டரி வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், முழுக்க சார்ஜ் செய்து, எத்தனை ஏ.ஹெச் வெளியே போனது என்று காட்டும் ஷன்ட் மீட்டர் மாட்டி, 20 ஆம்பியர் அளவில் அதுவே கட் ஆகும்வரை ஓட்டிப் பாருங்கள். ஐந்து மணி நேரம் ஓடினால் 100 ஏ.ஹெச் சரி. நாலு மணி நேரத்திலேயே நின்றுவிட்டால் மீட்டர் காட்டும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.