இலைச்சாறும் இரும்பும்: ஒட்சியேற்ற எதிரி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வந்தாறுமூலை, சம்மாந்துறைப் பல்கலைக்கழக வளாகங்களில் இறுதியாண்டு ஆய்வுக்கு முருங்கை, வல்லாரை, பொன்னாங்காணி, வாவிக்கரைக் கண்டல் என்று ஏதாவது ஓர் இலையை எடுத்து, அதன் ஒட்சியேற்ற எதிர்ப்பை (ஒட்சியேற்றத்தால் வரும் சிதைவைத் தடுக்கும் தன்மையை) அளக்க நினைப்பது நல்ல தெரிவுதான். செலவு குறைவு, இலை வேலியோரத்திலேயே கிடைக்கும், ஒரு நிறமாலை ஒளிமானி இருந்தால் போதும். ஆனால் இத்தகைய ஆய்வுகள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: குழாய்க்குள் இருக்கும் இரும்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

1894 இல் ஹென்றி ஃபென்டன் பெரசு (Fe²⁺) இரும்பு உப்பையும் ஐதரசன் பேரொட்சைட்டையும் கொண்டு தார்த்தாரிக் அமிலத்தை ஒட்சியேற்றிக் காட்டினார். அங்கே வேலை செய்வது ஐதரொட்சில் மூலிகம் (சோடி சேராத இலத்திரன் கொண்ட, மிக வேகமாகத் தாக்கும் துணிக்கை) என்ற கருத்தை 1930களில் ஹேபரும் வைஸும் முன்வைத்தார்கள். பெரசு இரும்பு ஓர் இலத்திரனைக் கொடுக்க, பேரொட்சைட்டு உடைந்து அந்த மூலிகம் பிறக்கிறது. அது பக்கத்தில் எது இருந்தாலும் தாக்கும்: வெல்லம், கொழுப்பு, டி.என்.ஏ., புரதம். பேரொட்சைட்டு தனியே இருந்தால் இவ்வளவு கேடு செய்யாது. உடலிலுள்ள 3 முதல் 4 கிராம் இரும்பு ஈமோகுளோபினிலும், இரும்பைச் சேமிக்கும் பெரிற்றினிலும், இரத்தத்தில் அதைக் கொண்டுசெல்லும் திரான்சுபெரினிலும் பூட்டப்பட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சுகதேகியின் திரான்சுபெரினில் ஏறத்தாழ 30 வீதம்தான் நிரம்பியிருக்கும். மீதி வெற்றிடம் வீணல்ல, வழிதவறி வரும் இரும்பை உடனே பிடித்துக்கொள்ள அது வேண்டும்.

இந்தப் பின்னணியோடு, பெரிக்கு (Fe³⁺) இரும்பைத் தாழ்த்தும் வலுவை அளக்கும் எஃப்.ஆர்.ஏ.பி. (FRAP) சோதனையைப் பாருங்கள். மிக அதிகமாகத் தவறாக வாசிக்கப்படும் எண் இதுதான். அதன் கலவை இது: பி.எச். 3.6 உள்ள 300 மில்லிமோலார் அசற்றேற்றுத் தாங்கற் கரைசல் (பி.எச்.ஐ மாறாமல் வைத்திருப்பது) 10 பங்கு, 40 மில்லிமோலார் ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த 10 மில்லிமோலார் டி.பி.டி.இசட். (TPTZ, பெரசு இரும்போடு சேர்ந்து நீலமாகும் சேர்மம்) 1 பங்கு, 20 மில்லிமோலார் பெரிக்குக் குளோரைட்டு 1 பங்கு. அன்றன்றே கலந்து 37 பாகையில் வைத்து, சாற்றைச் சேர்த்து 593 நனோமீற்றரில் நீல நிறத்தை அளக்கிறோம். அந்த நீலம் சொல்வது ஒன்றே ஒன்று: சாறு ஓர் இலத்திரனைக் கொடுத்து, பெரிக்கு இரும்பைப் பெரசு இரும்பாகத் தாழ்த்தியிருக்கிறது. பெரசு இரும்புதான் ஃபென்டன் தாக்கத்தின் எரிபொருள். விற்றமின் சி இந்தச் சோதனையில் நன்றாக எண் காட்டும். அதே விற்றமின் சியைக் கட்டற்ற இரும்பும் பேரொட்சைட்டும் உள்ள குழாயில் விட்டால், ஐதரொட்சில் மூலிகம் கூடும். ஆகவே இந்த எண்ணை வைத்து மட்டும் ‘கலங்களைப் பாதுகாக்கிறது’ என்று எழுதக் கூடாது. ‘தாழ்த்தும் வலு’ என்று எழுதினால் சரி.

இதே சோதனையில் வேறு சறுக்கல்களும் உண்டு. குளூட்டாதயோன் போன்ற கந்தகச் சேர்மங்கள் இதில் சரியாகப் பதிவாவதில்லை. பொலிபீனோல்கள் 4 நிமிடத்துக்குப் பிறகும் தாக்கமுற்றுக்கொண்டே இருக்கும். 4 ஆவது நிமிடத்திலும் 30 ஆவது நிமிடத்திலும் அளந்து இரண்டையும் கொடுங்கள். கண்டல் இலையில் தனின் அதிகம். தனினும் பெரிக்கு இரும்பும் சேர்ந்தாலே கருநீலம் வந்துவிடும், டி.பி.டி.இசட். தேவையே இல்லை. அதனால் டி.பி.டி.இசட். விடாத ஒரு கட்டுப்பாட்டுக் குழாய் கட்டாயம் வேண்டும். மார்கழி மழையில் பெரிக்குக் குளோரைட்டுப் போத்தலைத் திறந்தால் மஞ்சள் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரம் கசிந்து ஈரமாக நிற்கும். 50 மில்லிலீற்றருக்கு 0.27 கிராம் நிறுத்தால் 20 மில்லிமோலார் வரும் என்ற கணக்கு அந்தப் போத்தலுக்குப் பொருந்தாது, நிறுத்ததில் ஒரு பகுதி வெறும் தண்ணீர். சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடி வையுங்கள்.

அடுத்தது, ‘நாங்கள் இரும்பு சேர்க்கவில்லை, ஆகவே இரும்பு இல்லை’ என்ற நினைப்பு. இலையைக் கழுவிய கிணற்றுத் தண்ணீர், தூளாக்கிய கிரைண்டரின் உருக்கு அலகு, நிறுக்க எடுத்த உலோகக் கரண்டி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பொசுபேற்று உப்பு, எல்லாம் இரும்பைக் கொண்டுவரும். தாங்கற் கரைசலில் மைக்ரோமோலார் அளவு இரும்பு இருந்தாலே முடிவு மாறிவிடும். அதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பி.எச். 7.0 உள்ள கரைசலில் விற்றமின் சியை 125 மைக்ரோமோலார் வரும்படி விட்டு, 265 நனோமீற்றரில் 15 நிமிடம் அகத்துறிஞ்சலைக் கவனியுங்கள். தொடக்கத்தில் அது சுமார் 1.8 இருக்கும். 15 நிமிடத்தில் 0.5 வீதத்துக்கு மேல் குறைந்தால் கரைசலில் உலோகம் இருக்கிறது. இரும்பும் செம்பும் ஊக்கியாக இல்லாவிட்டால் விற்றமின் சி இந்தப் பி.எச். அளவில் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும் என்பதே இச்சோதனையின் அடிப்படை. உலோகம் இருந்தால், அதைப் பிடித்தெடுக்கும் செலெக்ஸ் 100 பிசினோடு இரவு முழுக்க மெதுவாகக் கலக்கி, வடித்து, பி.எச்.ஐ மறுபடி சரிசெய்யுங்கள். பிசின் அதை உயர்த்திவிடும். கண்ணாடிப் பாத்திரங்களை 10 வீத நைத்திரிக் அமிலத்தில் ஊறவிட்டு, அயனகற்றிய நீரில் பலமுறை அலசுங்கள். பிளாஸ்டிக் கரண்டியே பாவியுங்கள்.

பெரசு சல்பேற்றுக் கரைசலை முதல்நாளே செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் பரவலான பழக்கம். நடுநிலைப் பி.எச். அளவில், காற்றுப் பட்டால் பெரசு இரும்பு நிமிடக் கணக்கில் பெரிக்காகிப் பழுப்பு வீழ்படிவாகும். 0.278 கிராம் ஏழ்நீரேற்று உப்பை 100 மில்லிலீற்றர் மெல்லிய ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தால் 10 மில்லிமோலார். பாவிக்கும் நேரத்துக்குச் சற்று முன் செய்யுங்கள். மஞ்சள் தட்டினால் ஊற்றிவிடுங்கள்.

ஐதரொட்சில் மூலிகத்தை அளக்க டீஒட்சிரைபோசு முறையைத் தெரிவு செய்வோர் கரைப்பானில் மாட்டிக்கொள்கிறார்கள். இம்முறையில் இரும்பு, பேரொட்சைட்டு, விற்றமின் சி மூன்றும் சேர்ந்து மூலிகத்தை உண்டாக்க, அது டீஒட்சிரைபோசு என்ற வெல்லத்தைச் சிதைக்கும்; சிதைவை இளஞ்சிவப்பு நிறமாக மாற்றி அளப்போம். இலைச்சாறு தண்ணீரில் கரையவில்லை என்று டி.எம்.எஸ்.ஓ. (டைமெதைல் சல்பொட்சைட்டு) அல்லது எதனோலில் கரைத்து விடுவார்கள். இரண்டுமே அந்த மூலிகத்தை விழுங்குபவை. கலவையில் டி.எம்.எஸ்.ஓ. வெறும் 1 வீதம் என்றாலும் அது சுமார் 140 மில்லிமோலார், டீஒட்சிரைபோசோ 2.8 மில்லிமோலார்தான். தாக்க வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் டி.எம்.எஸ்.ஓ. 100 மடங்குக்கு மேல் முந்திக்கொள்ளும். சாற்றில் எதுவுமே இல்லாவிட்டாலும் ‘90 வீதத்துக்கு மேல் தடுப்பு’ வரும். தண்ணீர்ச் சாற்றை மட்டும் எடுங்கள், அல்லது கரைப்பானை முற்றாக ஆவியாக்கிவிட்டு நீரில் கரையும் பகுதியை மட்டும் சோதியுங்கள். டிரிஸ், ஹெப்பிஸ் தாங்கற் கரைசல்களுக்கும் இதே குறை உண்டு. இந்த வேலைக்குப் பொசுபேற்றுத்தான் பொருத்தம்.

உலோக அயன்களைப் பிடிக்கும் ஈ.டி.டி.ஏ. (EDTA) விட்டால் இரும்பு செயலிழந்துவிடும் என்ற நம்பிக்கையும் பிழை. அது இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருக்குமே தவிர, ஃபென்டன் தாக்கத்தை நிறுத்தாது. பல வேளைகளில் கூட்டும். டெஸ்பெரியோக்சமின் என்ற இரும்புபிடி மருந்துதான் இரும்பின் ஆறு பிணைப்பிடங்களையும் அடைத்துத் தாக்கத்தை மட்டுப்படுத்தும். இந்த வேறுபாட்டை ஆய்வுக்குச் சாதகமாகவே பயன்படுத்தலாம். டீஒட்சிரைபோசு முறையை ஈ.டி.டி.ஏ. உடன் ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை செய்யுங்கள். ஈ.டி.டி.ஏ. இல்லாதபோது மட்டும் சாறு பாதுகாத்தால், அது மூலிகத்தைப் பிடிக்கவில்லை, இரும்பைத்தான் கவ்வி எடுக்கிறது. ஈ.டி.டி.ஏ. சேர்ப்பதானால் முதலில் இரும்போடு கலந்துவிட்டே மற்றவற்றைச் சேர்க்க வேண்டும். விற்றமின் சிக்குப் பதிலாகச் சாற்றையே விட்டு ஒரு குழாயும் வையுங்கள். நிறம் கூடினால் உங்கள் இலைச்சாறு அந்தச் சூழலில் ஒட்சியேற்றத்தைத் தூண்டுகிறது. அதை மறைக்காமல் எழுதுங்கள், ஆய்வின் மிகப் பெறுமதியான முடிவு அதுவாகவே இருக்கலாம்.

மூலிகத்தைப் பிடிக்கும் திறனை ஊதா நிறம் மங்குவதைக் கொண்டு அளக்கும் டி.பி.பி.எச். (DPPH) சோதனை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 100 மில்லிலீற்றர் மெதனோலில் 3.9 மில்லிகிராம் டி.பி.பி.எச்., இருட்டில் 30 நிமிடம், 517 நனோமீற்றர். பச்சையமும் அந்தோசயனினும் சேர்ந்த சாறு தானே ஒளியை உறிஞ்சும் என்பதால், ஒவ்வொரு செறிவுக்கும் டி.பி.பி.எச். விடாமல் சாறு மட்டும் உள்ள ஓர் ஒப்பீட்டுக் குழாய் வேண்டும்.

ஆய்வுகூடத்தை விட்டு நோய்களுக்குத் தாவும்போதுதான் மிகக் கவலைக்குரிய தவறுகள் வருகின்றன. நோயாளியின் இரத்தத்தில் கொழுப்பு ஒட்சியேற்ற விளைபொருள்கள் கூடியிருந்தால், அதுவே நோய்க்குக் காரணம் என்று எழுதிவிடுகிறார்கள். இழையம் சிதைந்தால் இரும்பு வெளியேறும், ஒட்சியேற்றம் தானாகக் கூடும். நோய் முதலில், ஒட்சியேற்றம் பின்னால் என்றும் இருக்கலாம் என்பதை உயிரிரசாயனவியலாளர்களான ஹாலிவெல்லும் கட்டரிட்ஜும் 1984 இலேயே எச்சரித்தார்கள். ஒட்சியேற்ற எதிரியைக் கூடக் கொடுத்தால் நல்லது என்ற முடிவுக்கும் பின்லாந்துப் பரிசோதனை பதில் சொல்லிவிட்டது: புகைபிடிக்கும் 29,133 ஆண்களில் நடந்த அந்த ஆய்வில், நாளுக்கு 20 மில்லிகிராம் பீற்றா கரற்றீன் என்ற ஒட்சியேற்ற எதிரியைப் பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடியதாக 1994 இல் வெளியானது.

வீட்டு மட்டத்திலும் இதே குழப்பம். தேயிலைக்கு ஒட்சியேற்ற எதிரி என்ற நல்ல பெயர் உண்டு. ஆனால் இரும்புக் குளிசை எடுக்கும் கர்ப்பிணித் தாய் சோற்றோடு பிளேன்டீ குடித்தால், அதே பொலிபீனோல்கள் குடலில் இரும்பைப் பிடித்து உறிஞ்சவிடாமல் செய்யும். தேநீரை உணவிலிருந்தும் குளிசையிலிருந்தும் ஒன்று இரண்டு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளி விடுவது இரும்பு உறிஞ்ச உதவும். தலசீமியா என்ற பரம்பரை இரத்தச்சோகை உள்ளவருக்கு நிலைமை நேரெதிர். உடலில் இரும்பு மிகுந்திருக்கும்போது விற்றமின் சிக் குளிசையை வைத்தியரிடம் கேட்காமல் எடுப்பது இதயத்துக்கே ஆபத்தாகலாம். ‘சத்துக் குறைவு’ என்று இரும்பு மருந்து வாங்கிக் கொடுப்பதும் அப்படித்தான்.

இரத்த மாதிரியோடு வேலை செய்பவர்களுக்கு: சீரம் இரும்பை அளக்க ஈ.டி.டி.ஏ. குழாயில் இரத்தம் எடுக்காதீர்கள், அது இரும்பைப் பிடித்து அளவைக் கெடுக்கும். பெரிற்றின் அழற்சியிலும் உயரும் என்பதால், காய்ச்சலோடு வந்தவரின் பெரிற்றின் சாதாரண அளவில் இருந்தாலும் இரும்புக் குறைபாடு இல்லை என்று தீர்மானிக்க முடியாது, அழற்சியைக் காட்டும் சீ.ஆர்.பீ. (CRP) புரதத்தையும் சேர்த்துப் பாருங்கள். சிவப்பணு உடைந்து இளஞ்சிவப்பான சீரத்தை ஒட்சியேற்ற ஆய்வுக்கு எடுக்கவே வேண்டாம். ஈமோகுளோபினில் பேரொட்சைட்டு மிகுதியாகப் பட்டால் இரும்பு கழன்று வெளியே வரும். நீங்கள் அளப்பது நோயாளியின் உடலில் நடந்ததை அல்ல, ஊசி குத்திய பிறகு குழாயில் நடந்ததையே.