ஒரு குச்சியிலிருந்து குண்டுமல்லி: தொட்டியில் வளர்க்கும் முறை

"செடி பச்சைப் பசேல்னு இருக்கு, பூ மட்டும் வரவே மாட்டேங்குது" என்று யார் சொன்னாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "கடைசியா எப்போ வெட்டினீங்க?" பெரும்பாலும் வெட்டியே இருக்க மாட்டார்கள். மல்லிகை புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளையைக் கட்டிக்காத்தால் இலைதான் மிஞ்சும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

மல்லி, முல்லை, ஜாதிமல்லி எல்லாம் ஜாஸ்மினம் என்ற ஒரே பேரினம். அந்தப் பேரினம் சேர்ந்த பெரிய குடும்பத்தில்தான் ஆலிவ் மரமும் இருக்கிறது, நம் பவளமல்லியும் இருக்கிறது. இங்கே சொல்லப்போவது குண்டுமல்லியைப் பற்றி. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இதே இனம்.

குச்சி எடுப்பது

குண்டுமல்லியை விதை போட்டு வளர்ப்பதில்லை, குச்சியோ பதியனோதான் (பதியன் என்றால் செடியிலிருக்கும் கிளையை வெட்டாமல் மண்ணில் புதைத்து வேர்விட வைப்பது). மழை தொடங்கியதும் ஆரம்பித்தால் நல்லது. நன்றாகப் பூக்கும் செடியில், பென்சில் கனமுள்ள கிளையாகப் பாருங்கள். நுனி இளம்பச்சை வேண்டாம், அடிக்கட்டையும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில், பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கிய பகுதிதான் சரி. மூன்று நான்கு கணு இருக்கும்படி ஒரு சாண் நீளம் வெட்டுங்கள். அடிப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்ட வேண்டும், ஏனென்றால் வேர் அந்தக் கணுவிலிருந்துதான் கிளம்பும். மேலே இரண்டு இலை போதும், மற்றதைக் கிள்ளிவிடுங்கள்.

ஈர மணலில் இரண்டு கணு புதையும்படி நட்டு, நிழலில் வையுங்கள். ராமேஸ்வரத்தை அடுத்த தங்கச்சிமடம் பக்கம் மல்லி நாற்று தயாரிப்பதும் மணல் நிலத்தில்தான். மணலில் தண்ணீர் தேங்காது, குச்சி அழுகாது. வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். ஓரிரு மாதத்தில் கணுவில் துளிர் வந்து நிலைத்து நின்றால் தொட்டிக்கு மாற்றலாம்.

தொட்டி

வாய் ஓர் அடிக்குக் குறையாத தொட்டி, அடியில் ஓட்டை. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நட்ட பிறகு நல்ல வெயில் படுகிற இடமாகப் பார்த்து வையுங்கள். நிழலில் வைத்துவிட்டுப் பூவை எதிர்பார்க்கக் கூடாது. மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர்.

கவாத்து

கிளைகளை வெட்டிவிடும் இந்தக் கவாத்துக்கு நவம்பர் கடைசி வாரம்தான் நேரம். சில நாள் முன்பே தண்ணீரைக் குறையுங்கள். பிறகு கூர்மையான கத்தரியால் செடி முழுவதையும் ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். காய்ந்த குச்சி, ஒன்றையொன்று உரசும் கிளை, மெலிந்த கொப்பு எல்லாம் அடியோடு போகட்டும். மிச்சமுள்ள இலைகளையும் உருவிவிடுங்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாக இப்படி வெட்டியபோது அம்மா, "வெறும் கட்டையை விட்டு வச்சிருக்கியே" என்று மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மார்ச்சில் அதே கட்டையிலிருந்து பூப்பறித்தது அவர்தான்.

வெட்டிய கையோடு மேல்மண்ணைக் கிளறி, தொழு உரம் போட்டு, தண்ணீர் விடுங்கள். மார்ச்சில் தொடங்கி ஜூலை வரை பூ நிறைய வரும். இடையில் ஒவ்வொரு சுற்றுப் பூ முடிந்ததும் பூத்த நுனியை இரண்டு கணு கீழே கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வரும்.

மொட்டில் கவனம்

வெள்ளை மொட்டு திடீரென்று ஊதா நிறமாகிச் சுருங்கினால் அது மொட்டுப்புழு. பக்கத்து மொட்டுகளை நூலால் பிணைத்திருக்கும். ஒன்றைப் பிரித்தால் உள்ளே கருந்தலையோடு சின்னப் பச்சைப் புழு. அந்த மொட்டுகளைப் பறித்து அழித்துவிட்டு, மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து இலையில் தெளிக்கலாம்.

பூவை விடியற்காலையில், விரியாத முற்றிய மொட்டாகப் பறியுங்கள். அன்று மாலை தலையில் விரியும். முல்லையும் ஜாதிமல்லியும் வைத்திருப்பவர்களுக்கும் வெட்டும் முறை இதுதான், காலம் மட்டும் வேறு: ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி.