போகிமான் கோல்ட், சில்வர்: லெவல் ஏற்றியே நாளைக் கழிக்காமல் முடிப்பது எப்படி

போகிமான்களைப் பிடித்து, வளர்த்து, மோதவிடும் கேம் பாய் ஆட்டங்களான கோல்ட், சில்வர் இரண்டும் 1999 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்தன. ஒரு வருஷம் கழித்து இவற்றின் இன்னொரு பதிப்பான கிரிஸ்டல் வந்தது. முதல் ஆட்டத்தின் கதை முடிந்து மூன்று வருடம் கழித்து, பக்கத்து நாடான ஜோட்டோவில் தொடங்குகிறது. 100 புது போகிமான், டார்க், ஸ்டீல் என்று இரண்டு புது டைப், உள்ளேயே ஓடும் கடிகாரம், முட்டை எல்லாம் இதில்தான் முதலில் வந்தன. இவ்வளவு நல்ல ஆட்டத்தைப் பாதியில் விட்டவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: லெவல் ஏறவே மாட்டேன் என்கிறது.

அது உண்மைதான், அதற்குக் காரணமும் இருக்கிறது. எக்ருடீக் நகரத்துக்குப் பிறகு கடல் பக்கமும் போகலாம், மலைப் பக்கமும் போகலாம், எதை முதலில் முடித்தாலும் ஆட்டம் ஒன்றும் சொல்லாது. அதனால் ஜிம் (ஜெயித்தால் பேட்ஜ் தரும் சண்டைக்கூடம்) தலைவர்களின் போகிமான் லெவல்களைப் பார்த்தால், சக்கின் போலிராத் 30, பிரைஸின் பைலோஸ்வைன் 31, ஜாஸ்மினின் ஸ்டீலிக்ஸ் 35 என்று எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கின்றன, புல்லில் வரும் போகிமானோ அதைவிடக் கீழே. இந்த ஆட்டத்தில் புல்லுக்குள் சுற்றிச் சுற்றி நடந்து லெவல் ஏற்றுவது வெட்டி வேலை. எங்கே மாட்டிக்கொண்டீர்களோ அந்த ஊரிலேயே, மிஞ்சிப் போனால் பக்கத்து ரூட்டிலேயே, அதற்கான சாவி இருக்கும். அதைத் தேடுங்கள்.

பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கி ஆடுபவர்கள் தொடங்குவதற்கு முன் ஒரு விஷயம். சேவ், கடிகாரம் இரண்டும் உள்ளே இருக்கும் சிஆர்2025 பட்டன் பேட்டரியை நம்பித்தான் ஓடுகின்றன. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, செத்திருக்க வாய்ப்பு அதிகம். ஐந்து நிமிஷம் ஆடி, சேவ் செய்து, அணைத்து, அடுத்த நாள் போட்டுப் பாருங்கள். பேட்டரியை மாற்றினால் பழைய சேவ் போய்விடும், அதனால் மாற்றுவதாக இருந்தால் தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

முதல் போகிமானாக டோடோடைல் அல்லது சிண்டாக்வில் எடுங்கள். சிக்கோரிட்டாவை எனக்கும் பிடிக்கும், ஆனால் அது கிராஸ் டைப், முதல் ஜிம் ஃப்ளையிங், இரண்டாவது பக், நான்காவது கோஸ்ட், அதிலும் எல்லாம் பாய்சனும் சேர்ந்தவை. அந்தப் பச்சைக் குட்டியை யாரோ வேண்டுமென்றே பழிவாங்கியதுபோல இருக்கும். இந்தக் குறிப்பு முழுக்க டோடோடைலை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் கடைசியில் லீகின் சாம்பியன் லான்ஸிடம் அது தரும் லாபம் பெரியது.

வயலட் நகரத்துக்குள் நுழைவதற்கு முன்பு ரூட் 31இல் ஒரு பெல்ஸ்பிரவுட் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் ஒரு வீட்டில் இருக்கும் பையன் அதை வாங்கிக்கொண்டு ஆனிக்ஸ் தருவான். முதல் ஜிம் தலைவர் ஃபால்க்னரின் பிஜியோட்டோ லெவல் 9தான், பாறையைப் பார்த்ததும் அதன் டேக்கிளும் கஸ்ட்டும் பாதியாகிவிடும். மாற்றி வாங்கிய போகிமானுக்கு அனுபவப் புள்ளி ஒன்றரை மடங்கு வரும் என்பதையும் மறக்காதீர்கள், லெவல் பஞ்சம் உள்ள ஆட்டத்தில் அது சின்ன விஷயமில்லை. அப்புறம் ஊருக்குத் தெற்கே ரூட் 32இல் மரீப் கிடைக்கும், கண்டிப்பாகப் பிடியுங்கள். 15இல் ஃப்ளாஃபி, 30இல் ஆம்ஃபரோஸ், ஆட்டம் முடியும் வரை கூட வரும். கிரிஸ்டலில் மட்டும் மரீப் கிடையாது, ஏன் எடுத்தார்களோ தெரியவில்லை, எனக்கு அதில் இன்னும் கோபம்தான்.

இரண்டாவது ஜிம்மில் பக்ஸியின் சைதர் போடும் ஃப்யூரி கட்டர் அடிக்க அடிக்க இரண்டு மடங்காகும், ஆனிக்ஸை நிறுத்தினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நிறையப் பேர் ஆட்டத்தை விட்டுவிட்டுப் போன இடம் அதற்கு அடுத்த ஊர்: கோல்டன்ராட், விட்னி, அந்த மில்டாங்க்.

மில்டாங்க் லெவல் 20. ரோல்அவுட், அட்ராக்ட், ஸ்டாம்ப், மில்க் டிரிங்க் என்று நான்கு. ரோல்அவுட் முதல் அடி 30 பலம், அடுத்து 60, 120, 240, ஐந்தாவது 480. அதாவது மூன்றாவது அடிக்குள் ஏதாவது செய்யவில்லை என்றால் கதை முடிந்தது. அட்ராக்ட் போட்டால் ஆண் போகிமான் மயங்கி நின்று பாதி நேரம் அடிக்கவே அடிக்காது. எப்படியோ பாதி உயிரைக் குறைத்தாலும் பால் குடித்துத் திரும்ப ஏற்றிக்கொள்ளும்.

இப்போது சாவி. கோல்டன்ராட் டிபார்ட்மென்ட் ஸ்டோரின் ஐந்தாவது மாடியில் ஒருவர் டிரௌஸி கொடுத்தால் மச்சாப் தருவார், கிரிஸ்டலில் ஆப்ரா கேட்பார். டிரௌஸி ஊருக்குத் தெற்கே ரூட் 34 புல்லிலேயே சாதாரணமாக வரும். நீங்கள் கொடுத்தது எந்த லெவலோ மச்சாப்பும் அதே லெவல்தான், அதனால் கொஞ்சம் பெரிய டிரௌஸியாகப் பார்த்துக் கொடுங்கள். இந்த மச்சாப் எப்போதும் பெண். மில்டாங்கும் பெண், ஆகவே அட்ராக்ட் பலிக்காது. ஃபைட்டிங் டைப் என்பதால் ரோல்அவுட் பாதிதான் வலிக்கும், கராத்தே சாப் இந்த ஆட்டத்தில் ஃபைட்டிங் அடியாக மாறிவிட்டதால் நார்மல் டைப் மில்டாங்குக்கு இரட்டிப்பாக விழும். இவ்வளவும் ஒரே ஊருக்குள், ஜிம் வாசலிலிருந்து நாலு எட்டில். வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு வழியும் உண்டு. ஃபால்க்னர் தந்த மட்ஸ்லாப் டிஎம்மை (போகிமானுக்கு ஒரு அடியைக் கற்றுத்தரும் பொருள்) கற்றுக்கொண்ட ஒன்றை முதலில் நிறுத்தி இரண்டு மூன்று முறை மண்ணை வீசுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் மில்டாங்கின் குறி ஒரு படி இறங்கும், ரோல்அவுட் ஒரு தடவை தவறினால் எண்ணிக்கை மறுபடி 30இல் தொடங்கும். உருள ஆரம்பித்துவிட்டால் நடுவில் பாலும் குடிக்க முடியாது, அந்த இடைவெளியில்தான் அடித்து முடிக்க வேண்டும். ஜியோடூட் வைத்திருந்தால் அதுவும் நன்றாகத் தாங்கும், பெண்ணாகப் பார்த்துப் பிடியுங்கள். ஜெயித்த பிறகு விட்னி அழ ஆரம்பித்து பேட்ஜ் தரமாட்டாள். ஆட்டம் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், வெளியே போக நடந்தால் ஒரு பெண் வந்து பேசுவாள், அப்புறம் திரும்பிப் போய்க் கேளுங்கள்.

நான்காவது ஜிம் தலைவர் மார்ட்டியின் கெங்கார் தூங்கவைத்து ட்ரீம் ஈட்டர் போடும், மீன் லுக்கால் மாற்றவும் விடாது. நார்மல் டைப் ஒன்றை நிறுத்தினால் ஷேடோ பால் அதன்மேல் படவே படாது. டோடோடைல் வளர்ந்து ஆகும் குரோக்கனாவுக்கு பைட் தெரிந்திருந்தால் அடி நன்றாக விழும், ஏனென்றால் பைட் இப்போது டார்க்.

லேக் ஆஃப் ரேஜில் சிவப்பு கியாரடோஸைப் பிடித்தாலும் வீழ்த்தினாலும் சிவப்புச் செதில் ஒன்று கிடைக்கும். அதைக் கொண்டுபோய் மிஸ்டர் போகிமானிடம் கொடுத்தால் எக்ஸ்ப் ஷேர் தருவார், அதை வைத்திருக்கும் போகிமானுக்குச் சண்டையில் இறங்காமலே அனுபவப் புள்ளி வரும். ஆரம்பத்தில் முட்டை கொடுத்த அதே ஆள், அதனாலேயே யாரும் திரும்பிப் போவதில்லை. எட்டாவது பேட்ஜ் வாங்கியதும் புரொஃபஸர் எல்ம் தவறாமல் பிடிக்கும் பந்தான மாஸ்டர் பால் தருவார், அதை லூகியாவுக்கோ ஹோஓவுக்கோ செலவழிக்காதீர்கள், அவை ஓடாமல் நிற்பவை. ரைகூவுக்கு வையுங்கள். லெவல் 40இல் நாடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும், பார்த்த உடனே தப்பிக்கும். உங்கள் முதல் போகிமானை நாற்பதைத் தாண்டாமல் வைத்துக்கொண்டு ரிபெல் அடித்தால் சின்னதெல்லாம் விலகும், அது மட்டும் மாட்டும். லூகியா போன்றவற்றைத் தூங்கவைத்துப் பந்து எறியுங்கள். பாரலைஸ் செய்வதால் இந்த ஆட்டத்தில் பிடிக்கும் வாய்ப்பு கூடவே கூடாது, நிரலில் உள்ள பிழை அது.

எலைட் ஃபோர் என்ற நால்வரும் சாம்பியன் லான்ஸும் இருக்கும் லீகுக்குப் போகும் முன் கோல்டன்ராட் கடையில் ஐஸ் பஞ்சும் தண்டர் பஞ்சும் வாங்குங்கள், ஒன்று 3000. டிஎம் ஒரு முறைதான் பயன்படும் என்பதால் யோசித்துக் கொடுங்கள்: ஐஸ் பஞ்ச் டோடோடைலின் கடைசி வடிவமான ஃபெராலிகேட்டருக்கு, தண்டர் பஞ்ச் ஆம்ஃபரோஸுக்கு. லான்ஸிடம் மூன்று டிராகனைட், ஐஸ் அவற்றுக்கு நான்கு மடங்கு. கியாரடோஸுக்கு மின்சாரம் நான்கு மடங்கு. சாரிசார்டும் ஏரோடாக்டிலும் தண்ணீர் அடியான சர்ஃபில் போகும். ஒரு டிராகனைட்டிடம் தண்டர் இருக்கிறது, ஃபெராலிகேட்டரின் உயிரைக் குறையவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் 40ஐத் தாண்டியிருந்தால் போதும். டிராகனைட் 55இல்தான் உருவாகும், லான்ஸின் இரண்டு 47இல் நிற்கின்றன, கேட்க ஆளில்லை.

அதன்பின் முதல் ஆட்டம் நடந்த கேன்டோ, இன்னும் எட்டு ஜிம். இங்கே அவசரப்படாமல் வெர்மிலியனில் தூங்கும் ஸ்நோர்லாக்ஸை மட்டும் விடாதீர்கள். பவர் பிளாண்டில் காணாமல் போன பாகத்தைத் திருப்பிக் கொடுத்தால் லாவெண்டர் ரேடியோ டவரில் ஒரு கார்டு தருவார்கள், போகேஃப்ளூட் சேனலை வைத்துக்கொண்டு அதனிடம் பேசினால் எழும். லெவல் 50, கையில் சண்டையில் உயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் லெஃப்ட்ஓவர்ஸ். அதன் லெவலும் அந்தச் சாப்பாடும் சேர்ந்து கிடைப்பது பெரிய லாபம்.

16 பேட்ஜும் வந்தபின் ஓக் மவுண்ட் சில்வரைத் திறந்துவிடுவார், உச்சியில் முதல் ஆட்டத்தின் நாயகன் ரெட். அவரது பிகாச்சு 81, மற்றவை 73 முதல் 77 வரை. இதற்கு மட்டும் லெவல் தேவை, அதற்கும் புல் வேண்டாம். எலைட் ஃபோரைத் திரும்பத் திரும்ப ஆடுங்கள், எக்ஸ்ப் ஷேரை ஆம்ஃபரோஸிடம் கொடுங்கள், அறுபது தாண்டியதும் மேலே ஏறலாம். முதலில் வருவது பிகாச்சு, கிரவுண்ட் டைப் ஒன்றை முன்னால் வைத்தால் தண்டர்போல்ட், தண்டர் இரண்டும் வீண், மிச்சம் குயிக் அட்டாக்கும் சார்மும்தான். அவரது ஸ்நோர்லாக்ஸ் அம்னீஷியா போட்டு, ரெஸ்ட் போட்டுத் தூங்கி, தூக்கத்திலேயே ஸ்நோரால் அடிக்கும். ஸ்பெஷல் அடியெல்லாம் அதனிடம் எடுபடாது, கராத்தே சாப் தெரிந்த மச்சாப்பை மச்சோக் வரையாவது வளர்த்திருந்தால் அங்கே இறக்குங்கள்.