ஆன்லைன் விளையாட்டுச் சந்தையில் விலையும் வரத்தும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன் கரையில் விடிகாலையில் நடக்கும் மீன் ஏலத்தில், கூறு கூறாகக் கொட்டிய மீனுக்கு இதுதான் விலை என்று சொல்ல எந்த அதிகாரியும் வருவதில்லை. ஏலம் விடுபவர் ஒரு தொகையைச் சொல்லித் தொடங்குகிறார், வியாபாரிகள் ஏற்றிக்கொண்டே போகிறார்கள், அடுத்த வல்லம் நிறைந்த மீனோடு கரை சேர்ந்துவிட்டால் கேட்பவர்களின் குரல் உடனே தணிந்துவிடுகிறது. விலைக்குக் கட்டுப்பாடு இல்லாத இதே கரையில், கடலுக்குள் யார் எப்போது போகலாம் என்பதற்குக் கண்டிப்பான கட்டுப்பாடு உண்டு. பாக் நீரிணைப் பகுதியில் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, மற்ற 4 நாள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் தொழிலுக்குப் போவதில்லை. இவை விலையைக் கருதி வந்த விதிகள் அல்ல. ஒன்று சண்டையைத் தவிர்க்க வந்தது, மற்றது மீன் இனப்பெருக்கத்துக்காக வந்தது. ஆனாலும் விலையை ஏலத்துக்கு விட்டுவிட்டு வரத்தை மட்டும் நெறிப்படுத்துவது என்ற இந்த அமைப்பைத்தான், விளையாட்டாளர்களே வாங்கி விற்கும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து, தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையான கரையைக் களமாக வைத்து ஒரு விளையாட்டை உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். ஆடுபவர்கள் வல்லம் வாங்கி மீன் பிடிப்பார்கள், வலை பின்னுவார்கள், வாலிநோக்கத்தில் உப்பு எடுப்பார்கள், கருவாடு போடுவார்கள், எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் காயினுக்கு விற்றுக்கொள்வார்கள். தொடங்கிய சில வாரங்களிலேயே சீலா மீன் விலை ஏறிவிட்டது, புதிதாகச் சேர்பவர்களுக்கு வலைகூட வாங்க முடியவில்லை என்று புகார் வரும். அப்போது நடத்துபவரின் கை தானாக எங்கே போகிறது என்பதில்தான் முதல் தவறு இருக்கிறது.

அந்தக் கை விலைப்பலகைக்குப் போகிறது. சீலா கிலோ 500 காயினுக்கு மேல் விற்கக் கூடாது என்று ஒரு வரி எழுதிவிட்டால் முடிந்தது என்று தோன்றும். ரூன்ஸ்கேப் விளையாட்டை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம் 2007 இறுதியிலும் 2008 தொடக்கத்திலும் இதைவிடப் பெரிய அளவில் இதைச் செய்து பார்த்தது. விளையாட்டுக் காசை நிஜப் பணத்துக்கு விற்பவர்களை ஒடுக்குவதற்காக, இருவர் நேரடியாகப் பரிமாறும் பொருள்களின் மதிப்பு வேறுபாட்டுக்கு உச்சவரம்பு வைத்ததோடு, கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற பொதுச் சந்தையிலும் வழிகாட்டி விலைக்கு 5 விழுக்காடு மேலோ கீழோதான் விலை கேட்க முடியும் என்று ஆக்கியது. விளைவு எளிதில் ஊகிக்கக்கூடியதுதான். உண்மையான விலை அந்த வரம்புக்கு மேலே இருந்த பொருள்களைச் சந்தையில் யாரும் வைக்கவில்லை. வேண்டியவர்கள் தனியாகச் சந்தித்து, யாருக்கும் பயன்படாத, ஆனால் ஏட்டில் விலை இருக்கிற குப்பைப் பொருள்களைச் சேர்த்துக் கொடுத்துக் கணக்கை நேர்செய்தார்கள். அந்தக் குப்பையை வாங்கி விற்பதே தனியொரு தொழிலானது. விளையாட்டாளர்களிடம் வாக்கெடுப்பு நடத்திய பிறகு, 2011 பிப்ரவரியில் தடையற்ற வணிகம் திரும்ப வந்தது. நிஜப் பண வணிகத்தை ஒடுக்க வேண்டிய நெருக்கடி அந்த நிறுவனத்துக்கு உண்மையாகவே இருந்தது என்பதால் அதை முழுதாகக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் வெறும் விலையேற்றத்துக்கு அஞ்சி அதே மருந்தை எடுப்பவர்களுக்கு அந்தச் சமாதானமும் கிடையாது.

விலை ஏறுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும்: பொருள் குறைந்திருக்கலாம், அல்லது காசு பெருகியிருக்கலாம். சீலா மட்டும் ஏறினால் முதலாவது. சீலா, உப்பு, வலை, கருவாடு எல்லாம் சேர்ந்து ஏறினால் பெரும்பாலும் இரண்டாவது. இந்தப் பாகுபாட்டைச் செய்யாமல், மீன் விலை ஏறிவிட்டது என்று மீன் வரத்தைக் கூட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நம் விளையாட்டில் 1,000 பேர் ஆடுகிறார்கள், ஒவ்வொருவரிடமும் தொடக்கத்தில் 1,000 காயின் இருக்கிறது. ஆக மொத்தம் 10 லட்சம். ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 20 கிலோ மீனை, விளையாட்டே நடத்தும் கம்பெனியிடம் கிலோ 30 காயினுக்குப் போடுகிறார்கள். 600 காயின் புதிதாகப் பிறக்கிறது. டீசலுக்கும் ஐஸுக்கும் 350 காயின் விளையாட்டுக்கே திரும்பிப் போய் அழிகிறது. மீதி 250, ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு இரண்டரை லட்சம், 30 நாளில் 75 லட்சம். முதல் மாத முடிவில் புழக்கத்தில் 85 லட்சம் காயின் இருக்கும். அதாவது தொடக்கத்தில் இருந்ததைப்போல எட்டரை மடங்கு. இந்த நிலையில் கடலில் மீனைக் கூட்டினால் கம்பெனிக்கு இன்னும் அதிக மீன் போகும், இன்னும் அதிகக் காயின் பிறக்கும், வலையின் விலை இன்னும் ஏறும்.

இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஓர் ஆட்டக்காரர் இன்னோர் ஆட்டக்காரரிடம் வல்லத்தை 50,000 காயினுக்கு வாங்கினால் விளையாட்டிலிருந்து ஒரு காயின்கூட வெளியேறவில்லை; பை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். விளையாட்டே பெற்றுக்கொண்டு அழிக்கிற செலவு மட்டுமே வெளியேற்றம். அதற்காகத்தான் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் ஏலக்கூடம் விற்பனைத் தொகையில் 5 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. ஆனால் தரகுப்பணம் ஒன்றே போதும் என்று நினைப்பதும் தவறுதான். மேலே போட்ட கணக்கில் நாளுக்கு இரண்டரை லட்சத்தை 5 விழுக்காட்டுத் தரகால் மட்டும் உறிஞ்ச வேண்டுமானால், நாள்தோறும் 50 லட்சம் காயினுக்கு வணிகம் நடக்க வேண்டும். முதல் வாரத்தில் ஊரில் இருக்கும் காயினே 10 லட்சத்திலிருந்து 30 லட்சத்துக்குள்தான். ஆகவே முதலில் குறைக்க வேண்டியது கம்பெனி கொடுக்கும் விலையை அல்லது கம்பெனி ஒரு நாளில் எடுக்கும் அளவை. தரகு அதற்குத் துணை நிற்கலாம்.

எவ்வளவு கொண்டுவந்தாலும் அதே விலைக்கு வாங்கிக்கொள்ளும் இப்படிப்பட்ட கம்பெனியை வைப்பது தனியாகவே ஒரு தவறு. அது விலைக்குத் தரையிட்டுவிடுகிறது, கூடவே காயின் அச்சடிக்கும் இயந்திரமாகவும் ஆகிவிடுகிறது. ரூன்ஸ்கேப்பில் பொருளை நிலையான தொகைக்குக் காசாக மாற்றும் மந்திரம் ஒன்று இருக்கிறது. சந்தை விலை அந்தத் தொகையை நெருங்கியதும் கவசமும் வில்லும் அந்த மந்திரத்துக்குள் போய்க் காசாகிவிடுகின்றன. பொருள் தேங்காமல் இருப்பது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு கவசமும் புதுக் காசாகத் திரும்பி வருகிறது. கொள்முதல் அளவு கூடக்கூட விலை படிப்படியாக இறங்குமாறு கம்பெனியை அமைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

இதற்கு நேர்மாறான தவறு, மொத்த வரத்தையும் இறுக்கமாக மூடிவைப்பது. 1997இல் வெளிவந்த அல்டிமா ஆன்லைன் தொடக்கத்தில் அப்படித்தான் திட்டமிடப்பட்டிருந்தது. உலகில் இருக்கும் மூலப்பொருளின் அளவு நிலையானது. பொருள் தேய்ந்து அழிந்தால்தான் அது மூலப்பொருளாகத் திரும்பி, காட்டிலும் சுரங்கத்திலும் மறுபடி தோன்றும். காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஆனால் விளையாட்டாளர்கள் எதையும் அழியவிடவில்லை. சட்டைகளையும் கத்திகளையும் வீடு நிறையக் குவித்து வைத்துக்கொண்டார்கள். சுழற்சி நின்றுபோனதால், உருவாக்கியவர்கள் அந்த முறையையே கைவிட்டு வரத்தைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. நம் விளையாட்டிலும் கடலில் மொத்தம் இத்தனை சங்குதான் என்று வரம்பு வைத்தால், முதல் வாரம் வந்த நூறு பேர் வீட்டில் சங்கு மலையாகக் கிடக்கும். பிறகு வருபவர் வெறும் மணலைத்தான் அரிப்பார். வரத்து வேகத்துக்குத்தான் வரம்பு வேண்டும். இருப்புக்கு வரம்பு வைத்தால் பதுக்கலுக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும்.

வரத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அழிவைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறார்கள். வலை கிழியாத, வல்லம் உடையாத விளையாட்டில், ஒருமுறை எல்லோரும் நல்ல வலை வாங்கிவிட்டால் வலை பின்னுபவருக்கு அதன்பின் வேலையே இல்லை. ஈவ் ஆன்லைனில் கப்பல்கள் பெரும்பாலும் விளையாட்டாளர்களே கட்டியவை, போரில் அழிந்தால் அழிந்ததுதான். 2014 ஜனவரியில் நடந்த ஒரே பெரும்போரில் டைட்டன் என்ற மிகப்பெரிய வகைக் கப்பல்கள் 75 அழிந்தன. அந்த விளையாட்டின் சந்தை 2003 முதல் உயிரோடு இருப்பதற்கு இந்த அழிவு ஒரு முக்கியக் காரணம் என்றே கருதுகிறேன். இழப்பை ஆடுபவர்கள் பொறுக்க மாட்டார்கள் என்று அஞ்சும் நடத்துநர்களுக்கு, ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் 2021 டிசம்பரில் எடுத்த வழி மென்மையானது. விற்பனையில் 1 விழுக்காடு வரி எடுத்து, அந்தக் காசில் ஒரு பகுதியைக் கொண்டு சந்தையில் மலிந்துவரும் உயர்ந்த பொருள்களை வாங்கி அழித்துவிடுகிறது. காசும் குறைகிறது, பொருளும் குறைகிறது, எவருடைய பையிலிருந்தும் எதையும் பிடுங்க வேண்டியதில்லை. அந்த வரி 2025இல் 2 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

அளப்பதில் நடக்கும் தவறுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். பலகையில் கேட்கும் விலை விலையல்ல, விற்ற விலையே விலை. சராசரியைப் பார்ப்பதைவிட, விற்ற விலைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் விழும் விலையைப் பார்ப்பது நல்லது. இரண்டு நண்பர்கள் ஓர் உப்பு மூட்டையை 1 லட்சத்துக்குத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டாலே சராசரி தாறுமாறாகிவிடும். நாள்தோறும் எவ்வளவு காயின் பிறந்தது, எவ்வளவு அழிந்தது என்ற இரண்டு எண்கள் எந்த விலைப்பட்டியலையும்விடப் பயனுள்ளவை. ஈவ் ஆன்லைனை நடத்தும் சிசிபி நிறுவனம் 2007இல் இதற்கென்றே ஒரு பொருளியல் அறிஞரைப் பணியமர்த்தியது.

அந்த இரண்டு எண்களும் ஒருநாள் திடீரென்று எகிறினால், அது பெரும்பாலும் நிரல் பிழையாகத்தான் இருக்கும். 2013 மே மாதம் டயாப்லோ 3இல், ஏலக்கூடத்தில் ஒரே தடவையில் விற்கக்கூடிய தங்கத்தின், அதாவது அந்த விளையாட்டுக் காசின், அளவைக் கூட்டிய புதுப்பிப்பு ஒன்று, தங்கத்தைப் பெருக்கிக்கொள்ள வழி திறந்துவிட்டது. ஏலக்கூடத்தை உடனே தற்காலிகமாக மூடினார்கள். ஆனாலும் எல்லோருடைய ஆட்டத்தையும் முந்தைய நிலைக்குத் திருப்பாமல், பெருக்கியவர்களின் கணக்குகளை மட்டும் தேடிப் பிடித்தார்கள். ஒவ்வொரு காயினும் எங்கே பிறந்தது என்ற பதிவேடு இல்லாத சிறிய விளையாட்டுக்கு இப்படித் தேடும் வாய்ப்பே கிடையாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவதுதான் வழி.

நிஜப் பணத்தோடு முடிச்சுப் போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். டயாப்லோ 3இன் ஏலக்கூடத்தில் நிஜப் பணத்துக்கும் பொருள் விற்றது. அரக்கனைக் கொன்று ஆயுதம் தேடுவதைவிட அங்கே போய் வாங்குவது சுலபம் என்று ஆனபிறகு, ஆட்டத்தின் சுவையே போனது. 2014 மார்ச் 18 அன்று அதை மூடிவிட்டார்கள். ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற விளையாட்டில் ஆடுபவர்கள் ஈட்டிய, நிஜப் பணத்துக்கு விற்கத்தக்க டோக்கன், புதிய விலங்குகளை இனப்பெருக்கம் செய்யும்போது மட்டுமே பெரிய அளவில் அழிந்தது. புதிதாகச் சேர்பவர்கள் குறைந்ததும் அந்த வடிகால் அடைபட்டு, மதிப்பு அடியோடு சரிந்தது. நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பண லாபத்தை எதிர்பார்த்து ஆடும் விளையாட்டுகளைத் தடைசெய்கிறது. பணமாக மாற்றத்தக்க காயினும் டோக்கனும் அந்தப் பந்தயக் கணக்கில் சேரும். காயினுக்கு ரூபாய் விலை வைக்க நினைப்பவர் வழக்கறிஞரைக் கேட்காமல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது.

மாற்றத்தை எப்படிக் கொண்டுவருகிறோம் என்பதும் முக்கியம். மீன்பிடித் தடைக்காலம் எந்தத் தேதியில் தொடங்கும் என்பது எல்லாருக்கும் முன்பே தெரியும், ஆகவே படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதற்கும் கருவாட்டை இருப்பு வைப்பதற்கும் அவரவர் ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். 2025 அக்டோபரில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டான கவுண்டர் ஸ்ட்ரைக் 2இல், சிவப்பு நிலை எனப்படும் அரிய வகைப் பொருள்கள் ஐந்தைக் கொடுத்து ஒரு கத்தியோ கையுறையோ பெறலாம் என்ற மாற்றம் முன்னறிவிப்பின்றி வந்தது. அரிதாக இருந்த கத்தியின் வரத்து ஒரே இரவில் பெருகும் என்று தெரிந்ததும் அதன் விலை மளமளவென்று இறங்கியது. சிவப்புப் பொருள்களின் விலை பாய்ந்து ஏறியது. சிறிய விளையாட்டில் கொள்முதல் விலையை வாரத்துக்குக் கொஞ்சமாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால், எது எதனால் நடந்தது என்பதாவது தெரியும்.

முன்னறிவிப்பு என்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்வது. கீழக்கரையிலோ மண்டபத்திலோ நாலு பேர் சேர்ந்து நடத்தும் விளையாட்டில் ஆடுவதும் மச்சானும் பக்கத்துத் தெருப் பையனும்தான். நாளைக்கு உப்பு வரத்து குறையப்போகிறது என்று தேநீர்க் கடையில் வாய்தவறிச் சொன்னால், இரவோடு இரவாக உப்பு முழுவதும் ஒரே வீட்டில் சேர்ந்துவிடும். இது சிறிய ஊருக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. ஈவ் ஆன்லைனின் பணியாளர் ஒருவர், தான் ஆடிவந்த குழுவுக்கு, பொருள் உருவாக்குவதற்கான அரிய வரைபடங்கள் கிடைக்கச் செய்தது 2007இல் வெளிப்பட்டுப் பெரும் சச்சரவானது. மறுஆண்டு விளையாட்டாளர்களே தேர்ந்தெடுக்கும் ஒரு மன்றம் அங்கே ஏற்பட்டது. நடத்துபவரின் சொந்தக் கணக்கைச் சந்தையிலிருந்து விலக்கி வைப்பதும், நிர்வாகக் கட்டளையால் உருவான ஒவ்வொரு பொருளையும் எல்லாரும் பார்க்கும் பட்டியலில் போடுவதும் முதல் நாளே செய்துவிட வேண்டிய வேலைகள்; புகார் வந்தபிறகு செய்தால் அதையும் யாரும் நம்புவதில்லை.