நாற்காலியை எங்கே போடுவது?

கடுமையான மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள ஒருவருக்குப் பேச்சு வழிச் சிகிச்சை தர முதல் முறையாக உட்காரப் போகிறீர்களா? பாடத்தை மூடிவிட்டு நாற்காலியைப் பாருங்கள். அவருக்கும் கதவுக்கும் நடுவே நீங்கள் இருக்கக் கூடாது. உங்களுக்கும் வழி வேண்டும். நேர் எதிரே வேண்டாம், சற்றுச் சாய்வாகப் போடுங்கள். நாம் அக்கறையோடு கண்ணைப் பார்ப்போம், அவருக்கு அது வேவு பார்ப்பதாகப் படும்.

ஓர் அமர்வுக்கு 50 நிமிடம் என்ற வழக்கமான கணக்கும் வேண்டாம். 15 நிமிடம் தாங்கினால் 15 போதும். ஆனால் செவ்வாய் 10 மணி என்றால் 10 மணிக்கு அங்கே இருங்கள். என்னிடம் வந்த தையற்காரர் ஒருவர் 6 வாரம் வாய் திறக்கவில்லை. பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பார். நானும் சும்மா இருந்தேன். 7ஆவது வாரம், "உங்கள் சட்டையில் அக்குள் தையல் பிரிந்திருக்கிறது, சார்" என்றார். அடுத்த வாரம் அதைத் தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். உற்றுப் பார்த்துவிட்டு, "நூல் நிறம் தப்பு" என்றார். பேச்சு அப்படித்தான் தொடங்கியது.

பிறகொரு நாள், "மின்விசிறியிலிருந்து திட்டுகிறார்களே, கேட்கிறதா?" என்றார். இல்லை என்று வாதாடினால் எதிரியாவீர்கள்; ஆமாம் போட்டால் பயத்துக்குச் சாட்சி சொன்னதாகிவிடும். "எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்கிறது. என்ன சொல்கிறார்கள்?" என்று கேளுங்கள். விசிறியை நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டேன். நிறுத்தினோம், குரல் அடங்கியது. இருவரும் வியர்த்துக்கொண்டு பேசினோம். எல்லோருக்கும் இப்படி அடங்காது.

பேச்சு கோவையில்லாமல் போகும்போது புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். நான் ஆட்டினேன். "நான் என்ன சொன்னேன், சொல்லுங்கள்" என்றார் அவர். விழித்தேன். அடுத்த 3 செவ்வாய்க்கிழமைகள் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது.

இந்த நோயாளிகள் வைத்தியரோடு உறவு கொள்ள முடியாதவர்கள் என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டு கருதினார். முடியும் என்று அமெரிக்காவின் மேரிலாந்தில் உள்ள செஸ்ட்நட் லாட்ஜ் மனநல மருத்துவமனையில் காட்டியவர் மனநல மருத்துவர் ஃபிரீடா ஃப்ரோம்-ரைக்மன். அவரே 1948இல் 'நோயை உண்டாக்கும் தாய்' என்றும் எழுதிவைத்தார். அந்தப் பழி எத்தனையோ தாய்மாரைச் சுட்டது. வராந்தாவில் டிபன் பையோடு நிற்கும் அம்மா, "என் வளர்ப்புதான் தப்பா?" என்று கேட்டால், இல்லை என்று தயங்காமல் சொல்லுங்கள்.

மாத்திரையால் எச்சில் வடிகிறது, கை நடுங்குகிறது என்று நோயாளி உங்களிடம்தான் முதலில் சொல்வார். அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். அவர் சம்மதத்தோடு அன்றைக்கே மனநல மருத்துவருக்குத் தெரிவியுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் ரகசியம் காக்க மாட்டேன் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

விடுப்பு எடுப்பதானால் 3 வாரம் முன்பே சொல்லி, நாட்காட்டியில் அவரையே வட்டமிடச் சொல்லுங்கள். நீங்கள் திரும்பும் நாளையும் சேர்த்து.