தக்காளியின் அடி கறுத்தால்: கால்சியம் போடுவதில் செய்யும் தவறுகள்

புதிதாகத் தோட்டம் போட்ட நண்பர் ஒருவர் போன வாரம் படம் அனுப்பினார். பாதி பழுத்த தக்காளி, அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்குக் கறுத்து, தோல்போல் அமுங்கிய வட்டம். "முட்டை ஓடு போட்டாச்சு, இனி என்ன போடலாம்?" என்று கேட்டிருந்தார். இதே கேள்வியோடு அலைந்தவன்தான் நானும். அளவைக் கூட்டாதீர்கள், பையில் எழுதியிருப்பதைப் படியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காயில் குறை என்றால் மண்ணில் குறை என்று நினைப்பது

என் ஒரு பருவத்தையே தின்ற தவறு இது. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

அடி கறுப்பது கால்சியம் போதாததால்தான். ஆனால் போதாதது அந்தக் காய்க்கு. மண்ணில் பெரும்பாலும் வேண்டிய அளவு இருக்கும். கால்சியம் வேரிலிருந்து தண்ணீரோடுதான் மேலே ஏறும். இலைகள் நாள் முழுக்க நீரை ஆவியாக விடுவதால் தண்ணீர் அங்கேதான் ஓடும், கால்சியமும் கூடவே போய்விடும். காய்க்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான். இலைக்குப் போனது காய்க்குத் திரும்பியும் வராது. தொட்டி இரண்டு நாள் காய்ந்தால், காம்பிலிருந்து தள்ளியிருக்கும் காயின் அடிதான் முதலில் பட்டினி கிடக்கும். பிஞ்சாக இருக்கும்போதே சேதம் நடந்துவிடுகிறது, கறுப்பு நம் கண்ணில் படுவது அப்புறம்தான்.

இது தெரியாமல் பன்னிரண்டு தொட்டிகளுக்கும் சுண்ணாம்புத் தூளைக் கை நிறைய அள்ளிப் போட்டேன். தண்ணீர் மட்டும் நேரம் கிடைத்தபோதுதான். கறுப்பு நிற்கவில்லை. ஒரு மாதத்தில் கொழுந்து இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாகிவிட்டன. சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிட்டதால் வேரால் இரும்புச் சத்தை எடுக்க முடியவில்லை. நானோ மஞ்சளைப் பார்த்துத் தழைச்சத்துக் குறை என்று முடிவு கட்டி யூரியாவும் போட்டேன். அதிலிருந்து வரும் அம்மோனியம், வேரில் கால்சியத்தோடு போட்டிபோடும். இலை தழைத்தது, காய் இன்னும் கறுத்தது.

ஒரு தொட்டியில் மட்டும் ஒரு காயும் கறுக்கவில்லை. அதற்கும் அதே சுண்ணாம்பு, அதே யூரியா. குழாயடியில் இருந்த தொட்டி அது. கசியும் குழாய் சொட்டுச் சொட்டாக அதை நனைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இது என் மண்டையில் ஏறியபோது பருவமே முடிந்திருந்தது.

இப்போதெல்லாம் மண்ணில் இரண்டு கணு ஆழம் விரலை விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் விடுகிறேன். மேலே காய்ந்த இலை மூடாக்கு. மண்ணைச் சோதித்து, புளிப்பு (அமிலத்தன்மை) அதிகம் என்று தெரிந்தால் மட்டும் சுண்ணாம்பு. புளிப்பு சரியாக இருந்து கால்சியம் மட்டும் குறைவு என்றால் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்). அது காரத்தை ஏற்றாது.

நண்பரிடம் எப்போதெல்லாம் தண்ணீர் விடுகிறீர்கள் என்று கேட்டேன். "ஞாபகம் வரும்போது" என்றார்.

முட்டை ஓட்டை உடனடி மருந்தாக நம்புவது

ஓட்டில் கால்சியம் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது கார்பனேட் வடிவில் இருப்பதால் மெல்லத்தான் கரையும், அதுவும் மண் புளிப்பாக இருந்தால்தான். கையால் நொறுக்கிப் போட்ட துண்டுகளை அடுத்த வருடம் மண்ணைக் கிளறும்போது அப்படியே எடுத்திருக்கிறேன். போடுவதென்றால் மாவாக அரைத்து, நடுவதற்கு முன்பே கலந்துவிடுங்கள். அப்புறம் ஏன் பலருக்குப் பலித்தது? முதல் கொத்துக் காய்கள்தான் அதிகம் கறுக்கும். பின்னால் வருபவை பல நேரம் தானாகவே சரியாகிவிடும். பெயர் ஓட்டுக்குப் போய்விடுகிறது.

இலையில் தெளிப்பது

இலையில் தெளித்த கால்சியம் காய்க்குப் போய்ச் சேராது. ஆப்பிளுக்குத் தெளிக்கிறார்களே என்றால், அங்கே காயின் மேலேயே படும்படி தெளிக்கிறார்கள்.

எப்சம் உப்பு

அதில் இருப்பது மெக்னீசியம், கால்சியத்துக்குப் போட்டியாளர். வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலப்பது

கால்சியம் நைட்ரேட்டோடு சல்பேட் உரமோ பாஸ்பேட் உரமோ சேர்த்தால் வெள்ளையாக வண்டல் படியும். சத்து வாளியின் அடியில் தங்கிவிடும். என் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொண்டது இப்படித்தான்.

கறுத்த காய் தேறும் என்று காத்திருப்பது

தேறாது. பறித்துவிடுங்கள். பூஞ்சை பிடிக்காமலிருந்தால் கறுத்த பகுதியை நறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம்.