மூட்டு மாற்றிய காலோடு மீண்டும் வெளியே: கடற்கரைச் சாலையிலிருந்து செஞ்சி மலை வரை

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் மருத்துவரிடம் முதலில் கேட்பது, கால் எவ்வளவு மடங்கும் என்பதைத்தான். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பழகிய நமக்கு அந்தக் கவலை இயல்பானது. ஆனால் புதுச்சேரியின் ஊசுட்டேரிக் கரையில் விடியற்காலையில் பறவை பார்க்கப் போகிறவரும், கடற்கரையில் தினமும் நாலைந்து கிலோமீட்டர் நடக்கிறவரும் அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, கால் முழுதாக நீளுமா என்பது. சமதரையில் நடப்பதற்கு ஏறத்தாழ 70 பாகை (டிகிரி) மடக்கமே போதும். நீட்டலில் 10 பாகை குறைந்துவிட்டாலோ, ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை ஓய்வின்றி இழுத்துப் பிடிக்க வேண்டியிருப்பதால், சிறிது தூரத்திலேயே கால் சோர்ந்து நொண்டல் வந்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலது முழங்காலில் இந்த அறுவையைச் செய்துகொண்டவன் என்ற முறையில், நடையை விட மனமில்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் சொல்வது இதிலிருந்து மாறுபட்டால், அவர்கள் சொல்வதையே பின்பற்றுங்கள்.

வீட்டுக்கு வந்தவுடன் உறவினர்கள் பாசத்தோடு செய்யும் முதல் காரியம், முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது. வலி குறைவதுபோல் இருக்கும், ஆனால் கால் மடங்கிய நிலையிலேயே முழங்காலின் பின்பக்கத் தசைகள் இறுகிவிடும். ஆகவே தலையணையை எடுக்கச் சொல்லிவிட்டு, ஒரு தேங்காய்ப்பூத் துண்டை இறுக்கமாகச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்காலுக்கு அடியில் எதுவும் இருக்கக் கூடாது. அப்படியே பத்து நிமிடம் காலைத் தளர்வாக விட்டால் காலின் எடையே மூட்டை மெல்ல நீட்டிவிடும். பிறகு துண்டை எடுத்துவிட்டு, முழங்காலின் பின்பக்கத்தைப் படுக்கையோடு அழுத்தி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, தளர்த்துங்கள். எனக்குப் பயிற்சி அளித்தவர் முழங்காலுக்கும் படுக்கைக்கும் இடையே தம் உள்ளங்கையைச் செருகி வைத்துக்கொண்டு, "இந்தக் கையை நான் உருவ முடியாதபடி அழுத்துங்கள்" என்பார். முதல் வாரம் அவர் கை தாராளமாக வெளியே வந்தது. மூன்றாவது வாரத்தில்தான் ஒருநாள் விரல்கள் சிக்கிக்கொண்டன. வீட்டில் உள்ளவர் யாரும் இந்தச் சோதனையைச் செய்யலாம், தினமும் செய்ய வேண்டும்.

மடக்கும் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டும் என்று பொருளில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழ 90 பாகைக்கு மேல் வேண்டும், அதுவும் முதல் ஆறு வாரங்களில் வராவிட்டால் பின்னர் வரவழைப்பது கடினம். பயிற்சிக்கு அரைமணி முன்பு, மருத்துவர் எழுதித் தந்த வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். பயிற்சிக்குப் பின் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பதினைந்து, இருபது நிமிடம் வையுங்கள். பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருப்பது கெண்டைக்காலில் ரத்தம் உறையாமல் காக்க உதவும். அந்தத் தசை திடீரென்று வலித்து வீங்கினாலும், மூச்சுத் திணறல் அல்லது நெஞ்சுவலி வந்தாலும், காயத்திலிருந்து நீர் கசிந்தாலும், காய்ச்சல் அடித்தாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறுவது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் நடக்கும். தடியை நல்ல காலின் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னே. கழிப்பறை நாற்காலிபோல் உட்கார்ந்து எழும் மேற்கத்திய வகையாக இல்லாவிட்டால் அறுவைக்கு முன்பே அதை மாற்றிவிடுங்கள்.

இனி வெளியே. முதல் நடைக்கு இடம் தேடுகிறவருக்கு நான் சொல்வது பாரதி பூங்கா. தரை சமமானது, நிழல் உண்டு, சில அடிகளுக்கு ஒருமுறை உட்கார இருக்கை உண்டு. பூங்காவின் நடுவிலுள்ள ஆயி மண்டபத்தை ஒருமுறை சுற்றிவந்து உட்காருவதே முதல் வாரத்துக்குப் போதும். அதன் பிறகு கடற்கரைச் சாலைக்குப் போகலாம். மாலையிலிருந்து மறுநாள் காலை வரை வண்டிகள் விடப்படாத அந்தச் சாலை, மூட்டு மாற்றியவருக்கென்றே போட்டதுபோல் அவ்வளவு தட்டையாக இருக்கும். காந்தி சிலையிலிருந்து தொடங்கி, தூரத்தை வாரத்துக்குச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். எவ்வளவு கூட்டலாம் என்பதை நடக்கும்போது தீர்மானிக்காதீர்கள், ஏனென்றால் புது மூட்டு தன் பதிலை மறுநாள் காலையில்தான் சொல்லும். எழுந்தவுடன் முழங்கால் முந்தின நாளைவிடப் பருத்தும் சூடாகவும் இருந்தால் அன்று பாதி தூரம் போதும். பழையபடி இருந்தால் சற்றுக் கூட்டலாம். லேசான வீக்கமும் சூடும் மூன்று நான்கு மாதங்கள் இருப்பதும், தழும்பின் வெளிப்புறம் மரத்திருப்பதும், நடக்கையில் சில சமயம் 'டக்'கென்று ஓசை கேட்பதும் வழக்கமானவை, அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

மணலில் இறங்குவதற்கு மட்டும் பொறுமை வேண்டும். ஏழாவது வாரத்தில், சாலையில் நன்றாக நடக்கிறேனே என்ற தைரியத்தில், கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலை வரை போய்த் திரும்பினேன். உலர்ந்த மணலில் ஒவ்வோர் அடியும் புதைந்து குதிகால் ஒரு பக்கமாகச் சாய, இன்னும் பலம் வராத தொடைத் தசை மூட்டைப் பிடித்து நிறுத்த முடியாமல் திணறியது. வலி பெரிதாக இல்லை. மறுநாள் காலை முழங்காலின் எலும்பு விளிம்பே தெரியாத அளவுக்கு வீங்கி, ஐந்து நாட்கள் நடையே நின்றுபோனது. அறுவைக்குப் பின் மூன்று மாதங்கள் ஆகும்வரை மணல் வேண்டாம். அதற்குப் பிறகும் அலை நனைத்து இறுகிய ஓரத்தில், தடியோடு, போகும் தூரமே திரும்பும் தூரம் என்பதை நினைவில் வைத்து நடங்கள். கரை சரிவாக இருப்பதால் ஒரே திசையில் நீண்ட நேரம் நடந்தால் ஒரு கால் மட்டும் தாழ்ந்தே இருக்கும்.

வெறுங்காலோடு நடக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூட்டுக்குள் இருப்பது உலோகமும் பிளாஸ்டிக்கும். பாதத்தில் பட்ட சிறு காயத்தில் சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தின் வழியே அங்கே போய் ஒட்டிக்கொண்டால் மாத்திரையால் மட்டும் தீராது, சில சமயம் மறு அறுவையே தேவைப்படும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். வயல் வரப்பிலும் உப்பங்கழியிலும் செருப்பில்லாமல் இறங்காதீர்கள். தையல் காயம் முழுதாக மூடும்வரை கடல் குளியலும் கூடாது.

சைக்கிள் மிதிக்க ஏறத்தாழ 110 பாகை மடக்கம் வேண்டும். முதலில் உடற்பயிற்சிச் சைக்கிளில், இருக்கையை உயர்த்தி வைத்துப் பழகுங்கள். தெருவுக்கு வரும்போது நடுவில் கம்பி இல்லாத சைக்கிளே நல்லது, காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் போக ஆசைப்படுகிறவர் நாலைந்து மாதம் கழித்துப் போகலாம். படகோட்டியிடம் முன்கூட்டியே சொல்லி, படகை அசையாமல் பிடிக்கச் செய்து, ஒருவர் கையைப் பற்றிக்கொண்டு இறங்குங்கள். பாதத்தை ஊன்றியபடி உடலை மட்டும் திருப்பக் கூடாது. படகின் தாழ்ந்த பலகையிலிருந்து எழுவதுதான் உண்மையில் சிரமமானது என்பதால் ஒரு தடித்த மெத்தைத் துண்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

மலை ஏற நினைப்பவர்கள் அஞ்ச வேண்டியது இறக்கத்துக்கு. சமதரை நடையில் முழங்கால் மீது உடல் எடையின் சுமார் இரண்டரை மடங்கு விழுகிறது என்றால், படி இறங்கும்போது அது ஏறக்குறைய மூன்றரை மடங்காகிறது. ஆகவே முதலில் கடலூர் அருகே திருவந்திபுரம் ஹயக்ரீவர் குன்றின் 70-க்கும் மேற்பட்ட படிகளில், கல் சுடாத காலை நேரத்தில், கைப்பிடியைப் பிடித்துப் பழகலாம். இறங்கிய மறுநாள் வீக்கம் இல்லை என்று பலமுறை உறுதியான பிறகே செஞ்சியை யோசியுங்கள். அதற்குக் குறைந்தது ஓராண்டு ஆக வேண்டும், மருத்துவரின் சம்மதமும் வேண்டும். செஞ்சிக் கோட்டை மலைகளில் சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரியை விட்டுவிட்டு, உயரம் குறைந்த கிருஷ்ணகிரியில் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழையில் பாறைப்படிகள் வழுக்கும், சித்திரை வெயிலில் கொதிக்கும். தை, மாசி ஏற்றது. இரண்டு கைகளிலும் நடைக்கோல் வைத்துக்கொண்டு, தண்ணீரைத் தவிர முதுகில் சுமை எதுவும் இல்லாமல், ஏறுவதற்கு ஆகும் நேரத்தைவிட இறங்குவதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். கால் நடுங்கத் தொடங்குவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும், உச்சி பத்துப் படி தூரத்தில் இருந்தாலும்.